ஆறடிக் குள்ளனும் ரூல்ஸ் தம்பியும்

இல்லாத ஒரு குள்ளனுக்காக, இருக்கிற சிநேகிதர்கள் எல்லாரோடும் சண்டை போட்ட மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ரூல்ஸ் தம்பி ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் பீளமேட்டில், கல்லூரிப் பையன்கள் தங்கும் ஒரு தனியார் விடுதியில் நான் சமையல் செய்துகொண்டிருந்தேன். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் நாலு பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஏதோ வெளிநாட்டு விளையாட்டு. காய் கிடையாது, கட்டம் கிடையாது. வாயாலேயே காடு, குகை, பூதம் எல்லாம் வரும். ஆளுக்கு ஒரு வேஷம். கதை சொல்லி, பகடை உருட்ட வைத்து, யார் பிழைத்தார், யார் செத்தார் என்று தீர்ப்புச் சொல்வது ரூல்ஸ் தம்பி. அந்த விளையாட்டின் ரூல்ஸ் எல்லாம் அடங்கிய, ஜெராக்ஸ் எடுத்த தடிப் புத்தகம் ஒன்று எந்நேரமும் அவர் கக்கத்தில் இருக்கும். குளிக்கப் போகும்போதும்.

குள்ளன் வேஷம் பொள்ளாச்சித் தம்பிக்கு. ஆள் ஆறடி. வாசலில் குனிந்துதான் உள்ளே வருவார்.

“ஏனப்பா, அந்தப் பெரிய வாளை என்ற குள்ளன் எடுத்துக்கறான்.”

“முடியாது. உன்ற குள்ளன் இடுப்பொசரம். ஒசரமான ஆளோட சூரிக்கத்திதான் அவனுக்கு வாளு. அந்த ஆளு ஒத்தைக் கையில புடிக்கற வாளை, இவன் ரெண்டு கையில புடிக்கோணும். அந்த ஆளே ரெண்டு கையில புடிக்கறதை இவன் தொடவே கூடாது.”

“பூதம் நெருப்புக் கக்குது, அதை நம்பற. நானொரு வாளைத் தூக்குனா நம்ப மாட்டியா?”

“பூதம் கக்கட்டும். அது கையிலயும் அதுக்குத் தக்கன கத்திதான் இருக்கோணும்.”

வாய்ப்பேச்சில் தீராமல், பொள்ளாச்சித் தம்பியைக் குள்ளன் உயரத்துக்கு முட்டி போட வைத்து, என் உலக்கையைக் கொடுத்து வீசச் சொன்னார். உலக்கை ரசச் சட்டியைத் தேடிப்போய் அடித்தது. “பாத்தியா?” என்றார் ரூல்ஸ் தம்பி, தலையில் கறிவேப்பிலையோடு.

அந்த வருஷம் விடுதியில் பையன்கள் கூடிவிட, முதலாளி கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடமிருந்து பெரிய அண்டாவும் ஆளுயரக் கரண்டியும் வாங்கி வந்தார். கரண்டியைவிட நான் கொஞ்சம்தான் உயரம். அண்டாவிலிருந்து மொண்டால், சாம்பார் வாளியில் விழுந்ததைவிடத் தரையில் விழுந்தது அதிகம். மாசம் முடிந்ததும் ஆம்பிளைச் சமையல்காரர் வருவார் என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு வேறு போக்கிடமில்லை. அடுப்படிக்குப் பின்னால் இருந்த அறைதான் வீடு. அப்போதும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரவில்லை.

ரூல்ஸ் தம்பிக்கு வந்தது.

“ஏனுங்க, அக்கா மேல தப்பில்லீங்க. கரண்டி பெரிய ஆளுக்குச் செஞ்சது. அக்காவுக்கு அது ரெண்டு கைச் சாமானுங்க. ரெண்டு கையும் கரண்டிக்குப் போயிட்டா, வாளியை ஆருங்க புடிக்கறது?”

“அப்படின்னு ஆரு சொன்னாங்க?”

புத்தகத்தைப் பிரித்துக் குள்ளன் படத்தைக் காட்டினார். முதலாளி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“சாடை இருக்குதுங்க தம்பி,” என்றார். “சரி, ஞாயித்துக்கெழமை பார்க்கலாம்.”

மறுநாளே ரூல்ஸ் தம்பி கரண்டியை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காம்பை அறுத்து, நான் ஏறி நிற்க இரும்பில் ஒரு படியும் வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை முதலாளியே பந்தியில் உட்கார்ந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. “அம்மணியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மோருக்குக் கை நீட்டினார்.

பொள்ளாச்சித் தம்பி சும்மா இருப்பாரா? “அப்ப என்ற குள்ளன் வாளையும் பட்டறைல குடுத்து அறுத்துப்போடு.”

ரூல்ஸ் தம்பி அன்று பாயசத்தைத் தொடவில்லை. புத்தகம் முழுக்கப் புரட்டிவிட்டு, “அறுத்துக்கோ. ஆனா அறுத்தா அது சூரிக்கத்திதான்” என்றார்.

அப்புறம் ஒரு ஆள் குறைகிறதென்று எனக்கும் ஒரு வேஷம் கொடுத்தார்கள். மேசையோரம் நின்றபடியே, வெட்கத்தோடு பகடையை உருட்டுவேன். எந்தப் பூதம் வந்து அடித்தாலும், அவ்வளவு ரூல்ஸ் பேசுகிற அந்தத் தம்பி, விழுந்த எண்ணைப் பார்க்காமலே, “அக்கா தப்பிச்சுட்டாங்க” என்று சொல்லிவிடுவார்.