நோவா வகையறா

"நீரு என்ன வகையறா?"

வீரபாண்டி கேட்டதும் உபதேசியார் வேதமாணிக்கம் தெருவைத் திரும்பிப் பார்த்தார். பழைய வாடகை வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. மாட்டுவண்டியில் சாமான்களோடு மனைவி, மூன்று பிள்ளைகள், ஓர் ஆடு, இரண்டு கோழி. எழுபத்தாறாம் வருஷத்துக் கோடை வெயில். வீரபாண்டி வீடு தராவிட்டால் சங்கரன்கோவிலில் வேறு போக்கிடமில்லை.

சாதியைச் சொன்னாலும் வம்பு; மறைத்தாலும் வம்பு.

"நோவா வகையறா, அண்ணாச்சி. நீங்க, நான், எல்லாரும் அதுதான்."

"அது யாருவே? எந்த ஊரு?"

வேதமாணிக்கம் சொன்னார். உலகத்தை மூடிய வெள்ளம், நோவா கட்டிய பேழைக் கப்பல், நாற்பது நாள் மழை.

"நாப்பது நாளா! இங்கன சங்கரன்கோவில்ல நாப்பது துளி விழல. தப்பிச்சது எத்தன பேரு?"

"எட்டு. நோவா, சம்சாரம், மூணு மகன்மாரு, மூணு மருமக்கமாரு."

வீரபாண்டி விரல்களை மடக்கினார்.

"அப்ப பேரப்பிள்ளைக யாரைக் கட்டிச்சு? அண்ணன் தம்பி பிள்ளைகன்னா அண்ணன் தங்கச்சி முறைல்லா?"

இத்தனை வருஷப் பிரசங்கத்தில் எவரும் இதைக் கேட்டதில்லை.

"வெள்ளத்துக்குப் பிறவு நோவாவுக்கு ஒரு மக பிறந்திருப்பா. பேரப்பிள்ளைக அத்தை பிள்ளைகளைக் கட்டியிருக்கும்."

"அவளுக்கு மாப்பிள்ளை ஏதுவே?"

"மருமக்கமாரு கூடப்பிறந்தவன் எவனாவது..."

"அவன்தான் தண்ணியில போயிட்டானே!"

வேதமாணிக்கம் சமாளிக்கச் சமாளிக்க வீரபாண்டியின் முகம் வாடியது. வண்டியில் ஆடு கத்தியது.

"சாவி வாங்கியாச்சா?" என்றாள் மனைவி.

வேதமாணிக்கம் களைத்துப்போனார். வீடு போனால் போகட்டும்.

"முறை தப்பித்தான் கட்டியிருப்பாவ, அண்ணாச்சி. வேற வழியே இல்ல."

"சாமி வையலியா?"

"இல்ல. பலுகிப் பெருகுங்கன்னு வாழ்த்தத்தான் செஞ்சாரு."

வீரபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு விருட்டென்று எழுந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

வேதமாணிக்கம் தெருவில் இறங்கினார். "வண்டியைத் திருப்புப்பா."

மாடுகள் திரும்புவதற்குள் வீரபாண்டியின் மனைவி மாரித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி ஓடிவந்தாள்.

"சாவியைப் பிடிங்க, உபதேசியாரே. அவுகளும் நானும் ஒரே வகையறா, அண்ணன் தங்கச்சி முறை. சிவகிரியிலேருந்து ஓடியாந்த நாள்ல இருந்து எங்களை வையாத சாமி உங்க சாமி ஒண்ணுதான்."