கைத்தூக்கி மாமாவின் பட்டாளம்

ஜனநாயகத்தை முழுசாக நம்பியவர் இந்தத் தேசத்திலேயே ஒருத்தர்தான் இருந்தார். அவர் டெல்லியில் இல்லை. கடலூர் முதுநகரில், ஒரு உரக் குடோன் வாசலில், விசிலும் கையுமாக நின்றிருந்தார்.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். குடோனில் அவர் செக்யூரிட்டி சூப்பர்வைசர், அவருக்குக் கீழே நாலு பேர். நான் கேட் பாஸ் எழுதும் கிளார்க். எதற்கெடுத்தாலும் "கையத் தூக்குங்கப்பா" என்று ஓட்டெடுப்பு நடத்துவார் என்பதால் முதுநகர் முழுக்க அவர் பெயர் கைத்தூக்கி. சொந்தப் பெயர் இப்போது எனக்கே ஞாபகமில்லை.

பட்டாளத்தையும் இப்படித்தான் நடத்த வேண்டும் என்பது அவர் கட்சி.

"எதிரி வந்து நிக்கிறப்ப கை எண்ணிக்கிட்டு இருப்பீங்களா மாமா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"எதிரியும் ஓட்டுப் போடட்டும் மாப்ள. ரெண்டு பக்கத்து சிப்பாயையும் கேட்டுப் பாரு, சண்ட வேணும்னு எவன் கையத் தூக்குவான்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கொள்கையோடு அவர் குடோனைக் காத்த லட்சணத்தை நினைத்தால்தான் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். டீயா காபியா என்று ஓட்டெடுத்தார். இரண்டுக்கு இரண்டு. அவர் நடுநிலை. மூன்று நாள் எல்லோரும் வெந்நீர் குடித்தோம். பெண்ணாடத்திலிருந்து வந்த லாரியை உள்ளே விடலாமா என்று ஓட்டெடுத்தபோது துறைமுகத்துக்குப் போகிற ரோடே அடைத்துக்கொண்டது. மீன்கூடையோடு காத்து நின்ற பெண்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள்.

ஒரு மத்தியானம் மூட்டை திருட வந்தவன் கையும் களவுமாகச் சிக்கினான். போலீஸில் கொடுக்க இரண்டு கை, விட்டுவிட மூன்று கை. மூன்றாவது கை திருடனுடையது.

"அவன் ஓட்டு எப்பிடி மாமா செல்லும்?" என்று குதித்தேன்.

"முடிவு அவனப் பத்தித்தான? அவனக் கேக்காம எப்பிடி?"

திருடன் கும்பிடு போட்டுவிட்டு நடந்தே போனான்.

இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்று ஒருநாள் நிஜமாகவே கேட்டேன். அவர் விசிலை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"பட்டாளத்துல இருந்தப்ப ஒருநாள் ஆத்துல வெள்ளம். வண்டிய எறக்குன்னு மேல இருக்கற ஆபீசர் சொல்லிட்டாரு. எறக்கக் கூடாதுன்னு எங்க பதினோரு பேருக்கும் தெரியும். ஒருத்தனும் வாயத் தொறக்கல. ஓட்டுனவன் எங்க சிதம்பரத்துக்குப் பக்கத்துல கிள்ளை ஊர்க்காரன், என் சிநேகிதன். வண்டியோட போயிட்டான். நானும் தொறக்கல மாப்ள."

அதற்கப்புறம் அவரைச் சீண்டுவதை விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருடக் கடைசியில் புயல் வந்தது. முதல்நாள் சாயங்காலம் முதலாளி வெளியூரிலிருந்து போன் போட்டு, ஒருத்தனும் நகரக் கூடாது, குடோனிலேயே படுங்கள் என்றார். கைத்தூக்கி போனை வைத்துவிட்டுத் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"வீட்டுக்குப் போலாம்ங்கறவங்க கையத் தூக்குங்கப்பா."

அவரோடு சேர்த்து ஆறு கை. அந்தக் குடோன் சரித்திரத்தில் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். பூட்டிவிட்டுப் புறப்பட்டோம்.

புயல் கடந்தபின் வந்து பார்த்தால், நாங்கள் படுக்க வேண்டிய அறையின் சுவர் மொத்தமாகக் கட்டில்கள்மேல் சாய்ந்து கிடந்தது. குடோன் கூரை பறந்து, யூரியா மூட்டைகள் கரைந்து ஓடியிருந்தன.

மூன்றாம் நாள் முதலாளி காரில் வந்தார். எங்களை வரிசையாக நிறுத்தினார்.

"ஆளு இருந்திருந்தா தார்ப்பாயாவது இழுத்து மூடியிருக்கலாம்ல? யாரக் கேட்டுக் கெளம்புனீங்க?"

"ஓட்டெடுத்தோம் சார்" என்றார் கைத்தூக்கி.

முதலாளி சிரித்தார். "சரி, ஒன் வழிக்கே வரேன். இந்த ஆளு வேலயில இருக்கணும்ங்கறவன் கையத் தூக்கு."

சொல்லிவிட்டு ஒவ்வொருத்தர் முகத்தையும் உற்றுப் பார்த்தார். நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குத் தை மாசம் அக்கா கல்யாணம், இந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை. நாங்கள் ஐந்து பேரும் உயிரோடு நின்றதே அவரால்தான். ஒரு கை எழவில்லை. என் கையும்தான். அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

கைத்தூக்கி விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கூட நடந்தேன்.

"அழாத மாப்ள. மொதலாளி மூஞ்சிக்கு நேரா எவன் கையத் தூக்குவான்? அன்னிக்கு ஆத்தங்கரையில நான் தூக்குனனா? ரகசிய ஓட்டா வச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன்ல?"

"ஜெயிச்சிருப்பீங்க மாமா."

"அப்ப சரி" என்று சிதம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டார். பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

மற்ற நாலு பேர் ஓட்டு எந்தப் பக்கம் விழுந்திருக்குமோ, எனக்குத் தெரியாது. என் ஓட்டு உங்களுக்குத்தான் மாமா. யாரும் பார்க்காத இந்த அறையில் உட்கார்ந்து, இத்தனை வருடம் கழித்து, கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன்.