மேலே தணல், கீழே தணல்

"சமையல் என்ன பெரிய வித்தையா?"

அறுபத்தொன்றாம் வருஷம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பாலக்கரையில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு நான் இப்படிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

என் பெயர் தைரியராஜ். பெயர் வைத்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. என் மனைவி இருதயமேரி, டீச்சர் டிரெயினிங் முடித்தவள். கோயில் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வேலை காலியாக இருந்தது. போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. போகக் கூடாது என்று எனக்கு ஆசை. "வீட்டுல சமைக்க ஆளில்லைங்க" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் லூர்துராணி அம்மாளிடம் நானே சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரசத்தில் ஒரு நாள் உப்பு இருக்கும், ஒரு நாள் உப்பு மட்டும்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஃபோர்மன் பங்களாவில் விருந்து. சமையல்காரர் ஜமால் பாய் 'கிராட்டன்' என்று ஒன்றைப் பரிமாறினார். சாப்பிட்டவன் சும்மா இருந்தேனா? வீட்டுக்கு வந்து வர்ணித்தேன்.

"உருளைக்கிழங்கை மெல்லிசா சீவி, அடுக்கடுக்கா வெச்சு, பாலும் ஏடும் ஊத்தி, மேல சீஸைத் துருவிப் போட்டு... அடடா! நீயும்தான் கிழங்கு சமைக்கிறே. ஒம்பது வருஷமா ஒரே பொடிமாஸ்!"

"பேசறது சுலபம். உங்களால பண்ண முடியுமா?"

அதற்குத்தான் மேற்படி வித்தைக் கேள்வி.

"பண்ணிக் காட்டினா?" என்றேன்.

"வேலைக்குப் போற பேச்சையே எடுக்க மாட்டேன். மாதா சத்தியம்."

"கெட்டுப்போச்சுன்னா?"

"நீங்களே போயி, 'இவளை அனுப்பறேன்'னு அந்த அம்மாகிட்டச் சொல்லணும். ருசி பாக்க வெளியாள் ஒருத்தர் வேணும். நான் கூட்டிட்டு வரேன்."

"யாரை வேணும்னாலும் கூப்பிடு! கவர்னரைக் கூப்பிடு!"

மறுநாள் ஞாயிறு. பாலக்கரை முழுக்க ஆட்டுக்கறி கொதிக்க, எங்கள் வீட்டில் மட்டும் கிழங்கு. ஜமால் பாய் எழுதிக் கொடுத்த சீட்டைச் சுவரில் ஒட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சீவினேன். விரலையும் கொஞ்சம் சீவினேன். சீவியதை நம் வீடுகளில் வழக்கமாகப் போடுவது போல் தண்ணீரில் போட்டேன். சீட்டின் மூன்றாவது வரியில், 'தண்ணீரில் போட வேண்டாம், மாவு போய்விடும், பால் கெட்டியாகாது' என்று இருந்தது. மூன்றாவது வரியை நான் கடைசியில்தான் படித்தேன்.

சரி, போனால் போகிறது என்று பாத்திரத்தில் வெண்ணெய் தடவி அடுக்கினேன். பூண்டு, மிளகு, ஒரு துளி ஜாதிக்காய், முங்கப் பால், சீஸ் கிடைக்காததால் மேலே எருமைப்பால் ஏடு. கீழே கரியடுப்பு, மூடிமேல் தணல். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். கிழங்கெல்லாம் காவேரியில் ஆடி மாசம் குளிப்பது போல் பாலில் மிதந்தன. மூடியை அவசரமாகத் திரும்ப மூடினேன்.

"வேர்த்துக் கொட்டுதேங்க! போயி ரெண்டு வாளி ஊத்திட்டு வாங்க. தணலை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"தணலை மட்டும்தான்!"

"எனக்கெதுக்குங்க உங்க கிழங்கு?"

கிணற்றடியிலிருந்து திரும்பினால், ஆஹா! ஏடு பொன்னாக முறுகி, ஓரமெல்லாம் குமிழியிட்டு, கரண்டி நட்டால் நிற்கிற பதம். அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அந்த வீடும் போச்சு, கரியடுப்பும் போச்சு. நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

பன்னிரண்டு மணிக்கு ருசி பார்க்க ஆள் வந்தது. சாட்சாத் லூர்துராணி அம்மாள்! எனக்குத் திக்கென்றது. ஆனால் அந்த அம்மாள் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டதும் பெருமையில் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"பிரமாதம்! யாரு பண்ணினது?"

"நான்தாங்க!"

"நிஜமாவா? மேரி ஒத்தாசை பண்ணலையா?"

"கிட்டயே விடலைங்க! இதென்னங்க, தெனம் மூணு வேளையும் சமைக்கச் சொன்னாலும் சமைப்பேன்!"

லூர்துராணி அம்மாள் கை கழுவிவிட்டு வந்தார். "சமைக்க ஆளில்லைன்னீங்களே, தைரியராஜ்! இவ்வளவு தன்னடக்கம் கூடாது. மேரி, நாளைக்கே வந்து சேந்துடும்மா."

நான் இருதயமேரியைப் பார்த்தேன்.

"நான் அந்தப் பேச்சே எடுக்கலைங்களே" என்றாள்.

அந்த அம்மாள் தெரு முனை திரும்பியதும் கேட்டேன். "அது எப்படிடீ கெட்டியாச்சு?"

"ரெண்டு கரண்டி அரிசி மாவு."

"அடிப் பாவி! கெட்டுப்போகட்டும்னு விட்டிருந்தாலே நீ ஜெயிச்சிருப்பியே!"

"ஜெயிச்சு? ரெண்டு நாள் அனுப்புவீங்க. மூணாம் நாள், 'எனக்கு எங்க சமைக்க வருது, பாத்தியே'ன்னு நிறுத்திடுவீங்க. இப்ப ஹெட்மிஸ்ட்ரஸே சாட்சி."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததை இரண்டு பேரும் சுரண்டிச் சாப்பிட்டோம்.

மறுநாள் எட்டரை மணி. கஞ்சி போட்ட சேலை, கையில் குடை. வாசலில் நின்றுகொண்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

"என்னங்க, என் டிபன் கட்டியாச்சா?"