முசியே சாப்பிடவில்லை

ஒரு மீனை நான் அக்கறையாலேயே கொன்றிருக்கிறேன். (குழம்பில் போட்டதைச் சொல்லவில்லை, அது வேறு.)

என் மனைவி ஷமீமா தலைப்பிரசவத்துக்காகக் கடலூரிலுள்ள தாய்வீட்டுக்குப் போனபோது, லாஸ்பேட்டை வீட்டில் நானும் என்னைப் பெற்ற அத்தாவும் ஒரு கோல்டு ஃபிஷ்ஷும் மிஞ்சினோம். மீனின் பெயர் முசியே, பிரெஞ்சில் 'ஐயா'. கடற்கரைச் சாலையில் காலை நடை போகும் பிரெஞ்சு பென்ஷன்காரர் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நீந்துவதால் ஷமீமா வைத்த பெயர். கல்யாணமாகி வரும்போதே மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அன்றைக்கு அத்தா, "மனுசன் இருக்கவே எடமில்ல, இதுல மீனுக்கு ஒரு ஊடா?" என்று கத்தியது தெருமுனை வரை கேட்டது.

"காலையில நாலு உருண்ட, சாயங்காலம் நாலு. மேல ஒண்ணு போடக்கூடாது," என்று சொல்லிவிட்டுத்தான் ஷமீமா காரில் ஏறினாள்.

மூன்றாம் நாளிலிருந்து முசியே தீனியைத் தொடவில்லை. உருண்டைகள் மிதந்து, ஊறி, அடியில் போய்ப் படிந்தன. அது மட்டும் எதுவும் நடக்காததுபோல் சுற்றிச் சுற்றி வந்தது.

தினமும் போனில் ஷமீமாவின் முதல் கேள்வி, "சாப்ட்டாச்சா?" என்பதுதான். அது என்னைப் பற்றியதல்ல என்று புரியவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

"ம்... நல்லா சாப்ட்டான்," என்றேன். நிறைமாதப் பெண்ணிடம் வேறென்ன சொல்வது?

நான் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்ப்பவன். குறை இருந்தால் கண்டுபிடிப்பேன், இல்லாவிட்டாலும் கண்டுபிடிப்பேன். தீனியைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்துப் போட்டேன். வீடு முழுக்க ரசம் மணத்தது. முசியே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீன் கடைக்காரரிடம் ஓடினேன்.

"நல்லா நீந்துதா? அப்ப ஒண்ணுமில்ல சார். ரெண்டு நாள் சும்மா உடுங்க," என்றார் அவர்.

இவ்வளவு எளிய வைத்தியம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முசியேவை வாளியில் விட்டு, தொட்டியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பினேன். போதாதென்று ஒரு கை கல்லுப்பு. மீனை உள்ளே விட்டபோது அத்தா கதவருகே வந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சும்மா இருங்க அத்தா. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது," என்றேன்.

மதியத்துக்குள் முசியே வயிறு மேலே தெரிய மிதந்தது.

அத்தா தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது பட்டினி இல்லடா. நீ மறந்துடுவன்னு, காலையில தொழுதுட்டு வந்து நாந்தான் தெனம் போட்டுக்கிட்டு இருந்தேன். என்னப் பாத்தா மேல வந்துடும்."

"ஏன் அத்தா சொல்லல?"

"மீனு வேணாம்னு கத்துனவன் நானு. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது? இன்னிக்கி சொல்லிடலாம்னுதான் வந்தேன்."

அம்மா இறந்த பிறகு, விடியலில் அவருக்காகக் காத்திருந்த ஒரே உயிர் அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்பக்க முருங்கை மரத்தடியில் புதைத்தோம். குழியை அத்தாவே தோண்டினார். மண்வெட்டியைக் கேட்டேன், தரவில்லை.

சாயங்காலம் ஷமீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அதுவரை சொன்ன பொய்களையும் சேர்த்து. அவள் கேட்டது ஒன்றுதான்: "மாமா சாப்ட்டாரா?"

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இப்போது எங்கள் மகளுக்கு ஆறு வயது. அவள் சோற்றை ஒதுக்கி வைத்தால் நான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்குள் ஷமீமா முந்திக்கொள்வாள்: "என்னங்க, புள்ளைய சோப்புப் போட்டுக் கழுவிடாதீங்க. மொதல்ல மாமாவக் கேளுங்க!" அத்தாவின் சட்டைப் பையில் பிஸ்கட் தூள் இருக்கும். விருந்துக்கு வந்தவர்கள்கூட இந்தக் கதையைக் கேட்டு வாங்கிச் சிரித்துவிட்டுத்தான் போவார்கள்.

அத்தாவும் சிரிப்பார், எல்லோரையும்விடக் கொஞ்சம் தாமதமாக. அந்தக் கொஞ்ச நேரம் நான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.