மூன்று மூடி மருந்து

இனிமேல் அடிபம்பைத் தொடுவதில்லை என்று கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில் செங்கல்வராயன் சபதம் எடுத்தான். பாவம், அவனும் என்னதான் செய்வான்? பாரிவாக்கத்தில் அவன் வீட்டுக் கொல்லையில் பன்னிரண்டு பாத்தி மிளகாய். வெயில் ஏற ஏறப் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் கொட்டியது. தண்ணி பத்தலை, அடி என்பாள் பொண்டாட்டி சொர்ணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு மணி நேரம் லேத்தில் நின்றுவிட்டு வருகிறவன், வந்ததும் இருபது குடம் அடிக்க வேண்டும்.

பூந்தமல்லி உரக்கடை ஜேம்ஸ்தான் வழி காட்டினார். பூ காம்போடு நிற்பதற்குச் செடிக்குள்ளேயே ஒரு ஹார்மோன் சுரக்குமாம். வெயிலில் அது குறைந்தால் பூ உதிருமாம். அந்தச் சரக்கையே பாட்டிலில் விற்கிறார்கள். குடத்துக்கு மூன்று மில்லிதான், கூடினால் இருக்கிற பூவும் போய்விடும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டு சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பந்தயம். மருந்தடிக்கிற ஆறு பாத்தி அவனுக்கு, மற்ற ஆறும் அவளுக்கு. யார் பாத்தியில் காய் அதிகமோ அவர்கள் இனிப் பம்பு பக்கமே போக வேண்டாம்.

"மருந்துதான்மே ஜெயிக்கும், பாத்துகினே இரு," என்றான். "ஜேம்சு பயந்தாங்கொள்ளி. மூணு மில்லி இன்னாத்துக்கு ஆவும்? நான் மூணு மூடி ஊத்தப் போறேன்."

லேத்தில் நூலளவு பிசகாமல் கடைகிற மனுஷன். ஊற்றுவது என்று வந்துவிட்டால் மட்டும் கை தாராளம். சொர்ணம் அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு விட்டாள்.

பதினைந்து நாள் விட்டு இரண்டு தடவை அடித்தான். மாதம் முடிந்தது. அவள் பாத்தியில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அவன் பாத்தியில் பூவெல்லாம் வழக்கம்போல் தரையில். பாட்டிலைத் திறந்து கையில் ஊற்றி மோந்து பார்த்தான். பச்சைத் தண்ணி.

"இன்னாமே இது? மருந்து எங்க?"

"பரண் மேல கீது. மூணு மூடின்னு நீ சொன்ன அன்னிக்கே மாத்திட்டேன். இங்க் ஃபில்லர்ல அளந்து என் பாத்திக்கு அடிச்சேன். உன் கையில உட்டிருந்தா கொல்லையே மொட்டையாயிருக்கும்."

ஏமாந்த கோபத்துக்கு நடுவிலும் செங்கல்வராயன் முகம் மலர்ந்தது. "அப்போ மருந்துதானே ஜெயிச்சுது? நான் சொன்னதுதானே நடந்துது?"

"ஆமாய்யா, மருந்து ஜெயிச்சுது," என்று சொர்ணம் குடத்தை அவன் கையில் கொடுத்தாள். "தோத்தது நீதான். போய் அடி."