ஒன்றரை கிலோமீட்டர் டார்ச்

"அடுத்த வீட்டுத் துணிக்கொடியைக்கூட எட்டலையே சார்!" என்றார் கணக்கு வாத்தியார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கையிலிருந்த பழைய டார்ச்சை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். மஞ்சள் வெளிச்சம் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டு மறுபடி சோர்ந்தது.

சனிக்கிழமை இருட்டியதும் அவருடைய கடை மொட்டைமாடியில் மூன்று பேர் கூடுவார்கள். அவர், வாத்தியார், பல் டாக்டர். மூவருக்கும் தூரத்துக்கு அடிக்கும் டார்ச் மேல் பைத்தியம். எதிரே ஊர்க்கோடியில் தெரியும் தண்ணீர்த் தொட்டிதான் குறி. ஒன்றரை கிலோமீட்டர் என்று வாத்தியார் அளந்து வைத்திருந்தார்.

டாக்டரின் புது எல்.இ.டி. டார்ச் சுரைக்காய் பருமன். வெளிச்சம் பென்சில் மாதிரி நேராகப் போய்த் தொட்டியில் பொட்டு வைக்கும். வாத்தியாருடையது அவ்வளவு தூரம் போகாது, ஆனால் அகலம்.

"பொட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? காலடியில இருக்கற குழி தெரிய வேணாமா?" என்பார் அவர்.

"குழியைப் பார்க்கவா டார்ச் வாங்கினோம்?" என்பார் டாக்டர்.

இந்தச் சண்டை முற்றும்போதெல்லாம் கண்ணாடிக்காரர் குறுக்கே விழுவார். "எங்க அப்பாவோட இந்த ரெண்டு பேட்டரிக் கட்டை டார்ச் முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

அவர் சொல்லும் கணக்கு இதுதான். சின்ன வயதில் அவரும் அக்காவும் தம்பியும் மாலை முழுக்க வீட்டைத் தலைகீழாக்குவார்கள். திடீரென்று ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் வட்டம் வந்து சுவர்க் காலண்டரில் விழும். 'அப்பா!' அவ்வளவுதான். தலையணைகள் பறந்த இடத்தில் மூன்று புத்தகங்கள் விரிந்திருக்கும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதற்குப் பிறகு இருபது நிமிஷம் கழித்துத்தான் மில்லிலிருந்து அப்பா வந்து செருப்பைக் கழற்றுவார்.

"இருபது நிமிஷ நடை. அப்போ எங்கேயிருந்து அடிச்சிருக்கணும்? ஒன்றரை கிலோமீட்டர்!"

டார்ச் ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவில் இதை அவர் எழுத, வாத்தியார் அங்கேயே கணக்குப் போட்டு, நடக்காது என்று நிரூபித்தார். கண்ணாடிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்பா போய்ப் பதினெட்டு வருஷம். அவரைப் போய்ப் பொய்யாக்குவதா?

"அடுத்த வாரம் தொட்டியில அடிச்சுக் காட்டறேன். இல்லேன்னா குழுவை விட்டே போயிடறேன்!"

அந்த வாரம் டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டார். பல்பை மாற்றினார். டாக்டர் சொன்னாரென்று பிரதிபலிப்பானைப் பற்பசையால் தேய்த்தார். பாதி வெள்ளிப் பூச்சு துணியோடு வந்துவிட்டது. மிச்சப் பூச்சில் வெளிச்சம் பிறை வடிவில் விழுந்தது.

சனிக்கிழமை வாத்தியார் தொட்டியடிக்குப் போய் நின்று ஃபோன் செய்தார். "ம், அடிங்க."

அடித்தார்.

"இங்க இருட்டா இருக்கு சார். ரொம்ப நல்ல இருட்டு."

கண்ணாடிக்காரர் டார்ச்சை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அப்பா, ஒரே ஒரு தடவை" என்று முணுமுணுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி அழுத்தினார்.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. பின்னால் நின்று தன் சுரைக்காயைத் தூக்கி ஒரு வீச்சு வீசிவிட்டு அணைத்தார்.

"சார்!" ஃபோன் அலறியது. "என் நிழல் தொட்டிச் சுவர்ல விழுந்துச்சு சார்!"

கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்தபோது அதில் நீர் நிறைந்திருந்தது.

"ஆனா வெள்ளையா இருந்துச்சே?" என்றது ஃபோன்.

"தூரம் போகப் போக வெளுத்துடும்" என்று டாக்டர் அவசரமாகச் சொன்னார்.

வாத்தியார் நேர்மையான மனிதர். அன்றைக்கே குழுவில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். விளைவு, மறு சனிக்கிழமை மொட்டைமாடியில் இருபத்திரண்டு பேர். அத்தனை பேர் கையிலும் டார்ச், வாயில் கேள்வி. ஒருவர் அந்தப் பழைய டார்ச்சுடன் படம் எடுத்துக்கொண்டார். கூட்டம் நெருக்கியதில் டாக்டர் மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் அழுத்தினார். பிறை, துணிக்கொடியில் தொங்கிய ஒரு போர்வையைத் தடவிவிட்டு நின்றுபோனது.

இருபத்திரண்டு டார்ச்சும் அந்தப் போர்வைப் பக்கம் திரும்பின.

"போன வாரம் அடிச்சது நான்தான்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "நீங்க கண்ணை மூடிக்கிட்டு நின்னதைப் பார்த்தா பாவமா இருந்துச்சு சார். மன்னிச்சுக்குங்க."

கண்ணாடிக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் பக்கத்தில் வந்து குந்தினார்.

"விடுங்க சார். சின்ன வயசு ஞாபகம். அஞ்சு நிமிஷம் இருபது நிமிஷமாத் தெரிஞ்சிருக்கும்."

"இல்ல சார். சுவர்ல கடிகாரம் இருந்துச்சு. நான் எண்ணியிருக்கேன்." சட்டென்று ஃபோனை எடுத்தார். "இருங்க, எங்க அக்காவையே கேளுங்க."

ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் கேட்டது. "ஆமாடா, சரியா இருபது நிமிஷம்! அந்த வெளிச்சம் விழுந்தா உனக்குப் பாடமே தானா வந்துடுமே. இப்ப நினைச்சாலும் எனக்குப் புத்தகத்தைத் தேடத் தோணுது."

இருபத்திரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். "கேட்டீங்களா? ரெண்டு சாட்சி!"

வாத்தியார் தலையைச் சொறிந்தார். கணக்கு எங்கேயோ உதைத்தது, ஆனால் சாட்சியும் பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

அக்கா வீட்டில் இருக்கும் அம்மா என்ன சத்தமென்று விசாரிப்பதும், அக்கா விளக்கிச் சொல்வதும், பிறகு ஃபோன் கைமாறுவதும் கேட்டது. எண்பத்திரண்டு வயதுக் குரல் மாடி முழுக்கக் கணீரென்று ஒலித்தது.

"அவரு எந்தக் காலத்துலடா டார்ச் எடுத்துட்டு வேலைக்குப் போனாரு? களைச்சு வர்ற மனுஷன் உங்க கூத்தைப் பார்க்க வேணாமேன்னு நான்தான் தினம் துவைக்கிற கல்லு மேல ஏறி நின்னு ஜன்னல்ல அடிப்பேன்!"