வெறுஞ்சுவர் பயிற்சி

இந்த வருஷம் மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டியில் சண்முகராஜை மண்ணைக் கவ்வ வைப்பது என்று தேவஆசீர்வாதம் முடிவெடுத்தார். இருவரும் கோவில்பட்டியில் ஒரே நூல் மில்லில் சூப்பர்வைசர்கள். போன வருஷம் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் வாங்கிய பதக்கத்தை சண்முகராஜ் இன்னும் சட்டைப்பையில்தான் வைத்திருந்தார். கேண்டீனில் டீ ஆறும்வரை அதை எடுத்து மேஜைமேல் வைத்திருப்பார். தேவஆசீர்வாதமும் அதே போட்டியில் சுட்டவர்தான். கடைசி இடம். அவருக்கு முந்தின இடத்தில் வந்தவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

போட்டிக்கு இரண்டு வாரம். கிளப் கோச் காளிராஜ் வழி சொன்னார். வீட்டில் குண்டு போடாத ஏர் பிஸ்டலோடு வெறுஞ்சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். கையை நீட்டி, குறி அசையாமல் விசையை அழுத்த வேண்டும். தினமும் அறுபது தடவை. குழலின்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்தால் அது கீழே விழக்கூடாது.

காசு விழுவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. மனைவி எஸ்தர்ராணியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கவலை. போட்டி சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு, நாகர்கோவிலிலிருந்து மகள் அஞ்சலினைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டில் எஸ்தர்ராணி கர்ட்டன் துவைத்துக்கொண்டிருக்கும்போது இவர் துப்பாக்கியோடு போய் நின்றால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகவில்லை. "குண்டு இல்லைன்னு ரெண்டு தடவை பாத்துக்கிடுங்க. ஆள் இருக்க பக்கம் நீட்டாதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் ஹால் சோபாவை நகர்த்தி இடம் வேறு ஒதுக்கிக் கொடுத்தாள். அவருக்கு அப்பாடா என்றிருந்தது. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அந்த இடத்திலாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஹால் சுவரில் ஒரு விரிசல். கரிசல் மண் கோடையில் பிளக்கும், மழையில் உப்பும். மேலே உட்கார்ந்திருக்கும் வீடு என்ன செய்யும், அதுவும் கூடவே வாயைப் பிளக்கும். ஆறு வருஷமாக எஸ்தர்ராணி அடைக்கச் சொன்னாள். ஆறு வருஷமாக அவரிடம் ஒரே பதில்: "கரிசல்ல வீடு கட்டினா வெடிக்கத்தான் செய்யும். பூசினா மட்டும் நிக்கவா போவுது?" போன தடவை பெண் பார்க்க வந்த அம்மாள் பஜ்ஜி தீரும்வரை விரிசலைத்தான் பார்த்தாள். அஞ்சலினைப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பதிலும் வரவில்லை. அன்று எஸ்தர்ராணி அழவில்லை, சண்டை போடவில்லை. ஆறிப்போன பஜ்ஜியைக் கோழிக்குப் போட்டாள்.

பயிற்சியின் மூன்றாம் நாள் டீ டம்ளரோடு வந்து நின்றாள். "என்னங்க, உங்க துப்பாக்கி விரிசலைப் புடிச்சே கீழ இறங்குது."

நிஜம்தான். எங்கே குறி வைத்தாலும் கண் விரிசலுக்குப் போயிற்று; கண் போன வழியே கை போயிற்று; காசு தரைக்குப் போயிற்று. கோச்சுக்கு போன் போட்டார்.

"அண்ணாச்சி, வெறுஞ்சுவர்னா வெறுஞ்சுவர்தான். ஜன்னல் வரைக்கும் அப்படி ஒரு வெடிப்பை வச்சுக்கிட்டு எப்படிச் சுடுவீய? அடைச்சிருங்க," என்றார் காளிராஜ்.

வீட்டுப் பக்கமே வராத மனிதருக்கு அது ஜன்னல் வரை வருவது எப்படித் தெரியும் என்று தேவஆசீர்வாதத்துக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றாது.

கொத்தனார் பத்து நாள் கழித்து வருவதாகச் சொன்னார். போட்டி காத்திருக்குமா? தேவஆசீர்வாதமே பட்டி மாவு வாங்கி வந்து, ஸ்டூல் போட்டு ஏறி அடைத்தார். காய்ந்ததும், பழுப்புச் சுவரில் வெள்ளைப் பாம்பு ஒன்று படுத்திருந்தது. கண் இப்போது பாம்புக்குப் போயிற்று. ஆகவே முழுச் சுவருக்கும் வெள்ளை அடித்தார். அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் மற்ற மூன்று சுவரும் அழுக்கு வேட்டி மாதிரி நின்றன. கோச்சைக் கேட்டார். நாலு பக்கமும் ஒரே வெளிச்சம் இருந்தால் கண் கூசாது என்றார் கோச். மூன்றையும் அடித்தார். எஸ்தர்ராணி வேளைக்குச் சுக்குக் காபி கொடுத்தாள்; ஸ்டூலை மட்டும் அவ்வப்போது பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு இதெல்லாம் சிரமமா இருக்கோ?" என்று ஸ்டூலின் மேலிருந்து கேட்டார்.

"உங்க விளையாட்டுக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் வாடையாகவும் இருக்கலாம்.

சனிக்கிழமை தூத்துக்குடியில் ஏழு பேர் சுட்டார்கள். சண்முகராஜ் முதலிடம். தேவஆசீர்வாதம் ஆறாவது. ஏழாவதாக ஒரு மனிதர் வந்ததற்காக பஸ்ஸில் எட்டயபுரம் வரும்வரை ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த நாகர்கோவில் பையனின் அம்மாளுக்குச் சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் அஞ்சலினைப் பார்த்தாள், பேசினாள், பிடித்துப்போயிற்று. பையனையும் அஞ்சலினுக்குப் பிடித்துவிட்டது. போகும்போது அந்த அம்மாள் சுவரைத் தடவி, எந்த ஊர்ப் பெயிண்டர் என்று விசாரித்தாள். கோயிலில் நிச்சயம் செய்யும் ஒப்புக்கொடுத்தலுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. இரண்டு வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை எஸ்தர்ராணி அன்றுதான் விட்டாள்.

திங்கள்கிழமை காலை தேவஆசீர்வாதம் பிஸ்டலோடு ஹாலுக்கு வந்தார். அடுத்த வருஷம் சண்முகராஜைத் தப்ப விடுவதில்லை. ஆனால் சுவரில் கல்யாணப் போட்டோ, காலண்டர், கடிகாரம், அஞ்சலினின் ஆறு சர்ட்டிபிகேட் எல்லாம் ஏறியிருந்தன.

"இங்கன இனி முடியாது. சம்பந்தி வீட்டாளுக வந்து போற இடம்," என்றாள் எஸ்தர்ராணி. "அடுக்களையில ஒரு சுவர் சும்மாதான் கிடக்கு."

அடுக்களைச் சுவர் இருபது வருஷத் தாளிப்பில் கறுத்து, எண்ணெய் வழிந்து நின்றது. அது எப்படி வெறுஞ்சுவர் ஆகும்? மனைவியை மடக்க இதுதான் சமயம் என்று கோச்சுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரிலும் வைத்தார்.

காளிராஜ் கேள்வியை முடிக்கவே விடவில்லை. "நீங்க கேப்பீயன்னு அக்கா நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டாவ அண்ணாச்சி. நாலு லிட்டர் பெயிண்ட் வாங்கியாச்சாம், பிரஷ்ஷை மட்டும் ஊறப்போடுங்க."